ஏரியும் கோடும்

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், சிறிது தொலைவில் சாலைக்குத் தென்பால் பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியை அடைவர். கார்த்திகை மாதத்தில் அதன் கரைமீது நின்று நோக்கினால், எதிர்க்கரை கண்ணுக்குப் புலப்படாது. சிறு கடல் ஒன்றே ஊருக்குள் வந்து தங்கியதோ என்று எண்ணத் தோன்றும். சித்திரையில் அதே கரைமீது நின்றால், நீர் ஒதுங்கிய தரையில் மாடுகள் மேய்வதைக் காணலாம். முன்னாளில் இவ்வேரி சுற்றியுள்ள ஊர்களின் வயல்களுக்கு நீர் ஊட்டியது. இந்நாளில் சென்னை மாநகரின் குடிநீருக்கும் உறுதுணையாக நிற்கிறது. முழுமையும் நிரம்பினால் 24 அடி ஆழம் நிற்கும். 3,645 மில்லியன் கன அடி நீர் அதில் அடங்கும். மிகுந்த நீர் அடையாற்றின் வழியே கடலைச் சேரும்.

ஏரியில் அடி எண்கள் பொறித்த அளவுகோல் உண்டு. நாள்தோறும் அதனைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறிக்கின்றனர். நீர்மட்டத்திற்கு ஏற்ற இருப்பையும் கணக்கிட்டு வெளியிடுகின்றனர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளின் இருப்பு நாளிதழ்களிலும் வருகிறது. அவ்வெண்களை நம்மில் பலர் ஒரு கணம் நோக்கிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம். ஓர் எண் இன்றைய நிலையை மட்டுமே கூறும். இரண்டு எண்கள், நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கூறும். பல எண்களை முறையாக ஒரு தாளில் குறித்து, அவற்றை ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு வருங்காலத்தையும் ஓரளவு நமக்கு உணர்த்தும். அது பேசும் மொழியை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

மாணவர்களே, ஓர் ஏரியை மனத்தில் கொள்ளுங்கள். கணக்கு எளிதாக அமையும்பொருட்டு, எண்களை நாமே வகுத்துக்கொள்வோம். ஜனவரி முதல் நாளில் அவ்வேரியில் 3,000 மில்லியன் கன அடி நீர் இருக்கிறது. அந்நாளைச் சுழியாம் நாள் என்று கொள்வோம். பத்தாம் நாளில் இருப்பு 2,800. இருபதாம் நாளில் 2,600. முப்பதாம் நாளில் 2,400. மழை இல்லை, வேறு வரத்தும் இல்லை. குடிநீருக்காக எடுப்பதும், வெயிலில் ஆவியாவதும் ஆகிய செலவுகள் மட்டுமே உள்ளன.

இப்பொழுது ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்ப்புறத்தில் இடமிருந்து வலமாகக் கோடு ஒன்று வரையுங்கள். அது கிடையச்சு; அதில் நாள்களைக் குறிப்போம். இடப்புறத்தில் கீழிருந்து மேலாகக் கோடு ஒன்று வரையுங்கள். அது குத்தச்சு, அதில் இருப்பைக் குறிப்போம். இரண்டு அச்சுகளும் சந்திக்கும் இடம் ஆதிப்புள்ளி. அங்கே நாளும் சுழி, இருப்பும் சுழி. கிடையச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 நாள் எனவும், குத்தச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 300 மில்லியன் கன அடி எனவும் அளவு கொள்ளலாம். மேற்கூறிய நான்கு செய்திகளையும் நான்கு புள்ளிகளாகக் குறித்து, அளவுகோலை வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதைக் காண்பீர்கள். கோட்டை இருபுறமும் நீட்டினால், அது இரண்டு அச்சுகளையும் வெட்டும்.

அச்சுகளை வெட்டும் அவ்விரண்டு இடங்களும் சிறப்புடையவை. கோடு குத்தச்சை எங்கே வெட்டுகிறது? 3,000 என்னும் இடத்தில். ஆதிப்புள்ளியிலிருந்து அவ்விடம் வரையுள்ள அளவைக் குத்தச்சின் வெட்டுத்துண்டு என்பர். நாள் சுழியாக இருந்தபொழுது இருப்பு எவ்வளவு என்பதே அதன் பொருள். அது நம் தொடக்கம். நமக்கு வாய்த்த முதல்.

கோடு கிடையச்சை எங்கே வெட்டுகிறது? 150 என்னும் இடத்தில். அது கிடையச்சின் வெட்டுத்துண்டு. அங்கே இருப்பு சுழி. அஃதாவது, 150ஆம் நாளில் ஏரி வறண்டுபோகும். ஜனவரி முதல் நாளைச் சுழியாகக் கொண்டு எண்ணினால், 150ஆம் நாள் மே மாதம் 31ஆம் நாளாகும். முப்பதாம் நாளில் நாம் ஏரிக்கரைமீது நின்று பார்த்தால், எங்கும் நீராகவே தோன்றும். 2,400 மில்லியன் கன அடி நீரைக் கண்முன் காண்பவன், ‘இதற்கு ஏது குறை!’ என்றே நினைப்பான். ஆயினும் தாளில் உள்ள கோடு, மே மாத இறுதியைச் சுட்டிக்காட்டி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத பஞ்சத்தை நான்கு மாதங்களுக்கு முன்னரே காட்டும் ஆற்றல் அந்த வெட்டுத்துண்டுக்கு உண்டு.

இனிச் சாய்வைப் பற்றிக் காண்போம். சாய்வு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஓட்டுக் கூரை சாய்வாக இருக்கிறது என்கிறோம். கிடையாகப் பத்தடி செல்லும்பொழுது கூரை நான்கடி தாழ்ந்தால், ஓர் அடிக்கு எவ்வளவு தாழ்கிறது என்று கணக்கிடலாம். தாழ்வை கிடைத்தொலைவால் வகுத்தால் விடை கிடைக்கும். வரைபடக் கோட்டின் சாய்வும் இவ்வாறே காணப்படுகிறது. கோட்டின்மீது இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டு, குத்தச்சில் ஏற்பட்ட மாற்றத்தைக் கிடையச்சில் ஏற்பட்ட மாற்றத்தால் வகுக்கவேண்டும்.

பத்தாம் நாளையும் முப்பதாம் நாளையும் எடுத்துக்கொள்வோம். இருப்பின் மாற்றம், 2,400 − 2,800 = −400. நாளின் மாற்றம், 30 − 10 = 20. முன்னதைப் பின்னதால் வகுத்தால் −20 கிடைக்கிறது. ஆகவே கோட்டின் சாய்வு −20. குறை அடையாளம், இருப்பு இறங்குகிறது என்பதை உணர்த்துகிறது. இருபது என்னும் எண், நாளொன்றுக்கு இருபது மில்லியன் கன அடி குறைகிறது என்பதை உணர்த்துகிறது. வேறு எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் இதே விடைதான் வரும். எங்கும் ஒரே சாய்வுடைமையே நேர்க்கோட்டின் இலக்கணம்.

இவ்விடத்தில் மாணவர் பலர் இரண்டு பிழைகளைச் செய்வதுண்டு. முதற்பிழை, கழிக்கும் வரிசையை மாற்றிவிடுதல். மேலே இருப்பைக் கழிக்கும்பொழுது பிந்திய நாளின் இருப்பிலிருந்து முந்திய நாளின் இருப்பைக் கழித்தோம். கீழேயும் பிந்திய நாளிலிருந்து முந்திய நாளைக் கழித்தோம். இரண்டிடத்தும் வரிசையைத் தலைகீழாக்கினாலும் விடை மாறாது. ஓரிடத்தில் மட்டும் மாற்றினால், சாய்வு +20 என்று வந்துவிடும். வறண்டுகொண்டிருக்கும் ஏரி நாள்தோறும் நிரம்புகிறது என்று கணக்கு பொய்யுரைக்கும். விடைத்தாளில் அப்பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையும். ஏரியைக் காக்கும் பொறுப்பில் உள்ளவர் அப்பிழையைச் செய்தால் ஊரே தவிக்கும்.

இரண்டாம் பிழை, கோட்டின் தோற்றத்தைக் கொண்டே அதன் சாய்வை முடிவு செய்தல். ஒரே செய்தியை, கிடையச்சில் அளவை நெருக்கி வரைந்தால், கோடு செங்குத்தாக வீழ்வதுபோலத் தோன்றும். அளவை அகற்றி வரைந்தால், மெல்லச் சரிவதுபோலத் தோன்றும். அச்சுகளில் உள்ள எண்களைப் படித்துக் கணக்கிட்டால், இரண்டிலும் சாய்வு −20 என்றே வரும். ஆதலின், யார் ஒரு வரைபடத்தைக் காட்டினாலும், முதலில் அச்சுகளின் அளவைப் பாருங்கள். கண் ஏமாறலாம், எண் ஏமாறாது.

தொடக்கமும் சாய்வும் தெரிந்துவிட்டால், கோடு முழுவதையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். நாளை ‘ந’ என்றும், இருப்பை ‘இ’ என்றும் குறிப்போம். தொடக்கத்தில் 3,000 இருந்தது. நாளொன்றுக்கு 20 குறைகிறது. எனவே,

இ = 3000 − 20ந

என்று எழுதலாம். இதுவே அக்கோட்டின் சமன்பாடு. சாய்வை ‘ச’ என்றும், குத்தச்சின் வெட்டுத்துண்டை ‘வெ’ என்றும் குறித்தால், செங்குத்தாக நில்லாத எந்த நேர்க்கோட்டையும்

இ = சந + வெ

என்னும் வடிவில் அமைக்கலாம். தாள் நிறையப் புள்ளிகளை அடுக்கிச் சொல்லவேண்டிய செய்தியை, இச்சிறு வரி தன்னுள் அடக்கிக்கொள்கிறது. நூறாம் நாளில் இருப்பு எவ்வளவு? ‘ந’ இருக்கும் இடத்தில் 100 என்று இடுங்கள்; 3000 − 2000 = 1000 என்று விடை வரும். இருப்பு என்று சுழியாகும்? ‘இ’ இருக்கும் இடத்தில் சுழியை இடுங்கள்; ந = 150 என்று வரும். வரைபடத்தில் கண்ட வெட்டுத்துண்டைச் சமன்பாடும் உறுதிசெய்வதைக் காண்க.

சில வேளைகளில் குத்தச்சின் வெட்டுத்துண்டு நமக்கு நேரே கிடைப்பதில்லை. இருபதாம் நாளில் 2,600, ஐம்பதாம் நாளில் 2,000 என்னும் இரண்டு செய்திகளே கையில் இருக்கின்றன என்று கொள்வோம். முதலில் சாய்வைக் காணவேண்டும்: இருப்பின் மாற்றம் −600, நாளின் மாற்றம் 30, சாய்வு −20. பின்னர், தெரிந்த புள்ளி ஒன்றைச் சமன்பாட்டில் இடவேண்டும். 2600 = −20 × 20 + வெ. ஆகவே வெ = 3000. தொடக்க நாளின் ஏட்டைப் புரட்டாமலேயே, அன்றைய இருப்பை அறிந்துகொண்டோம்.

இனி, இக்கணக்கு மக்கள் வாழ்வோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் காண்போம். சென்னைக்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் மழையைப் பெரிதும் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது வழக்கமாக அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கும். நம் ஏரி மே மாத இறுதியிலேயே வறண்டுவிட்டால், இடைப்பட்ட ஐந்து மாதங்களுக்கு மக்கள் என்ன செய்வர்? ஏரி அக்டோபர் 28ஆம் நாள் வரை தாங்கவேண்டும் என்று முடிவு செய்வோம். அந்நாள், நம் கணக்கில் 300ஆம் நாள். கோடு கிடையச்சை 150இல் வெட்டாமல் 300இல் வெட்டவேண்டும். தொடக்கம் 3,000 என்பதை நாம் மாற்ற இயலாது. அது சென்ற ஆண்டின் மழை தந்தது. நம் கையில் இருப்பது சாய்வு ஒன்றே. 3,000ஐ 300ஆல் வகுத்தால் 10. எனவே நாள்தோறும் ஏரியிலிருந்து குறைவது இருபதிலிருந்து பத்தாக வேண்டும். அப்பொழுது சமன்பாடு,

இ = 3000 − 10ந

என்று அமையும்.

இம்முடிவை முதல் நாளிலேயே செய்யாமல், அறுபதாம் நாள் வரை காலம் கடத்தினால் என்ன ஆகும்? அதற்குள் 1,200 செலவாகிவிடும், 1,800 எஞ்சும். இன்னும் 240 நாள்களைக் கடக்கவேண்டும். நாளொன்றுக்கு 7.5 மட்டுமே செலவிடலாம். நூற்றிருபதாம் நாள் வரை காத்திருந்தால், 600 மட்டுமே எஞ்சும். 180 நாள்களுக்கு அதனைப் பங்கிட்டால், நாளொன்றுக்கு 3.3 கிடைக்கும். முதல் நாளில் சிக்கனத்தை மேற்கொண்டிருந்தால் பாதிச் செலவோடு வாழ்ந்திருக்கலாம். நூற்றிருபதாம் நாளில் விழித்துக்கொண்டவர்கள், ஆறில் ஒரு பங்கோடு வாழவேண்டும். காலம் தாழ்த்துவோர்க்குச் சாய்வு இரக்கம் காட்டுவதில்லை.

அறுபதாம் நாளில் தொடங்கும் கோட்டின் சமன்பாட்டைக் காணுங்கள். அதன் சாய்வு −7.5. அது 60ஆம் நாளில் 1,800 என்னும் புள்ளி வழியே செல்கிறது. 1800 = −7.5 × 60 + வெ என்பதனால், வெ = 2250. ஆகவே,

இ = 2250 − 7.5ந

என்பது சமன்பாடு. ஆனால் தொடக்க நாளில் ஏரியில் இருந்தது 3,000 அன்றோ? 2,250 எங்ஙனம் வந்தது? இஃது ஆராயத்தக்க வினா. இக்கோடு அறுபதாம் நாளுக்குப் பின்னரே உண்மையானது. அதனைப் பின்னோக்கி நீட்டிக் குத்தச்சை வெட்டச் செய்தால் கிடைக்கும் 2,250, சமன்பாட்டை எழுத உதவும் எண்ணே தவிர, என்றும் ஏரியில் அளந்த நீர் அன்று. ஒரு கோடு எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை மெய்யானது என்பதைக் கேளாமல், அதன் வெட்டுத்துண்டுக்குப் பொருள் கூறுதல் தவறு.

முன்னோக்கி நீட்டும்பொழுதும் இவ்வெச்சரிக்கை வேண்டும். ஏரியின் அடியில் தங்கும் கலங்கல் நீரையும் சேற்றையும் கடைசித் துளி வரை எடுத்துவிட இயலாது. 100 மில்லியன் கன அடிக்குக் கீழே எடுக்க இயலாது என்று வைத்துக்கொண்டால், 3000 − 20ந = 100 என்னும் கணக்கிலிருந்து ந = 145 என்று வரும். கோடு அச்சைத் தொடுவதற்கு ஐந்து நாள் முன்னரே குழாய் வறண்டுவிடும். மேலும் ஏரி, சுவர் எழுப்பிய தொட்டி அன்று. தாம்பாளம்போல விளிம்பில் அகன்று நடுவில் குழிந்தது. ஆதலின், இருப்பு ஒரே சீராகக் குறைந்தாலும், நீர்மட்டம் ஒரே சீராகக் குறையாது. இருப்பை வரைந்தால் நேர்க்கோடாக வருவது, ஆழத்தை வரைந்தால் வளைந்துவிடும். எதனை வரைகிறோம் என்பதை அறிந்து வரைதல் வேண்டும்.

இவை யாவும் கற்பனைக் கணக்கு என்று கருதாதீர்கள். செம்பரம்பாக்கத்தில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நீர் சுத்திகரிப்பு நிலையம், நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் திறனுடையது. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2 கோடியே 83 லட்சம் லிட்டர். எனவே அந்நிலையம் முழுத் திறனோடு இயங்கினால், நாளொன்றுக்கு 19 மில்லியன் கன அடிக்குச் சற்றுக் குறைவான நீர் வேண்டும். நாம் கொண்ட இருபது என்னும் சாய்வு, உண்மைக்கு எவ்வளவு அணித்தானது என்பதை இதனால் அறியலாம்.

2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தொடக்கமாகிய வெட்டுத்துண்டே சிறுத்துப்போயிற்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. நகரின் மற்ற ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்துத் தெருவில் நின்றனர். அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு, புகைவண்டி ஒன்று ஆவடி, அம்பத்தூர் வழியாக வில்லிவாக்கத்தை அடைந்தது. அந்நீரை வரவேற்காதார் இலர். ஆயினும், கணக்கு அறிந்தவர் அதனை அளந்தும் பார்த்தல் வேண்டும். செம்பரம்பாக்கம் நிலையம் ஒரு நாளில் தூய்மை செய்யக்கூடிய நீரை இவ்வாறு கொண்டுவர, அத்தகைய 212 வண்டிகள் வேண்டும். ஏரி ஒன்று ஓசையின்றி ஆற்றிவரும் பணியின் அளவை, அது வறண்ட பின்னரே நாம் உணர்ந்தோம்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், இதே ஏரி வேறொரு பாடத்தையும் கற்பித்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழை கொட்டியது. ஏரிக்கு வெள்ளம் விரைந்து வந்தது. மதகுகள் திறக்கப்பெற்று, வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. ஆங்காங்கே பெய்த மழைநீரும் சேர்ந்து, அடையாறு கரைபுரண்டது. பலர் உயிரிழந்தனர், எண்ணற்றோர் வீடுகளை விட்டு வெளியேறினர். ஒரு மணிக்கு 3,600 வினாடிகள். 29,000ஐ 3,600ஆல் பெருக்கினால், மணிக்கு 104 மில்லியன் கன அடிக்கு மேல் வருகிறது. கோடையில் ஐந்து நாளுக்கு ஆகும் நீர், அன்று ஒரு மணியில் ஓடியது. கோடையில் மெல்ல இறங்கும் கோடு, மழையில் மதில்போல எழும்.

அத்தகைய நாளுக்கு உரிய கணக்கையும் ஒரு சிறிய எடுத்துக்காட்டால் அறியலாம். 3,645 கொள்ளும் ஏரியில் 3,285 இருக்கிறது. மணிக்கு 72 வீதம் நீர் வருகிறது. வெளியேற்றம் இல்லை என்று கொள்வோம். மணியை ‘ம’ என்று குறித்தால், இ = 3285 + 72ம. இ = 3645 ஆகும்பொழுது ம = 5. ஆகவே ஐந்து மணி நேரத்தில் ஏரி நிரம்பிவிடும். தாழ்வான இடங்களில் வாழ்வோர்க்கு எச்சரிக்கை செய்து, அவர்களை மேட்டுக்குக் கொண்டுசெல்ல நமக்குள்ள காலம் அவ்வளவே. இங்கே சமன்பாட்டின் விடை வெறும் எண் அன்று. ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறக் கிடைக்கும் நேரம். மழை வலுத்தால் சாய்வு மிகும். ஐந்து மணி மூன்றாகவும் குறையலாம். ஆதலின் ஒருமுறை கோடு வரைந்து அமைந்துவிடாமல், மணிதோறும் புதிய புள்ளியைக் குறித்துப் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

வடிவங்களைச் சமன்பாடுகளால் உணர்த்தும் இந்நெறியைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் டெக்கார்ட் 1637ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் நாட்டவரும் அவர் காலத்தவருமாகிய பெர்மா என்பாரும் தாமாகவே இவ்வழியைக் கண்டிருந்தார். அதற்கு முன்னர், கோடுகளையும் வட்டங்களையும் ஆராயும் கலை ஒருபுறமும், எண்களையும் குறிகளையும் கையாளும் கலை மற்றொருபுறமும் பெரும்பாலும் தனித்தனியே வளர்ந்தன. இவர்கள் இரண்டிற்கும் பாலம் அமைத்தனர். கண்ணால் காண்பதைக் கணக்கிடவும், கணக்கிட்டதைக் கண்ணால் காணவும் அதனால் வழி பிறந்தது. அப்பாலத்தின்மீது நடந்தே, இன்று ஏரியின் நாளையும் நகரின் தேவையையும் அளக்கிறோம்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருக்கும். அம்பத்தூர் மாணவர்க்கு அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் உண்டு. ஆவடி மாணவர்க்குப் பருத்திப்பட்டு ஏரி உண்டு. பூந்தமல்லி மாணவர்க்குச் செம்பரம்பாக்கம் அண்மையில் இருக்கிறது. நாளிதழில் வரும் இருப்பை ஒரு மாதம் குறித்து வாருங்கள். வாரத்திற்கு ஒரு புள்ளி போதும். புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, தொடக்கம் எது, சாய்வு எவ்வளவு, கோடு எந்நாளில் அச்சைத் தொடும் என்று கணக்கிடுங்கள். அந்நாளைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பின்னர், வீட்டில் திறந்து கிடக்கும் ஒரு குழாயைக் கண்டால், அதனை மூடாமல் உங்களால் கடந்து செல்ல இயலாது.

தொடக்கத்தைத் தருவது மழை. அதனை மாற்றும் ஆற்றல் நமக்கு இல்லை. சாய்வைத் தருவது நம் வாழ்க்கை முறை. அதனைப் பெரிதும் நாமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே இறுதி நாளைத் தீர்மானிக்கின்றன. ஏரி வற்றிய பின் வருந்துவதைவிட, கோடு சாயும்பொழுதே விழித்துக்கொள்வது அறிவுடைமை.

பயிற்சி

1. ஓர் ஏரியில் தொடக்க நாளில் 2,400 மில்லியன் கன அடி நீர் இருந்தது. நாற்பதாம் நாளில் 1,800 இருந்தது. கோட்டின் சாய்வையும் சமன்பாட்டையும் காண்க. ஏரி எந்நாளில் வறளும்?

2. இருபத்தைந்தாம் நாளில் 1,500, எழுபத்தைந்தாம் நாளில் 900 என்னும் இருப்புகளைக் கொண்டு, இரண்டு அச்சுகளிலும் உள்ள வெட்டுத்துண்டுகளைக் காண்க.

3. கோடு கிடையச்சுக்கு இணையாகச் சென்றால் அதன் சாய்வு யாது? அந்நாள்களில் ஏரியின் வரத்தும் செலவும் எவ்வாறு இருந்திருக்கும்?

4. ‘தொடக்கத்தை மாற்ற இயலாது, சாய்வை மாற்றலாம்.’ இக்கூற்றை இரண்டு கோடுகள் வரைந்து விளக்குக.